சோணைமுத்து வண்டியில் ஏறும் வீடுகள்

அந்த ஆட்டுரல விட்டுருங்க தாயி, வண்டி அச்சு தாங்காது. சட்டி பானையெல்லாம் வைக்கலுக்குள்ள பொதிஞ்சு வச்சாச்சு. மல்லாங்கிணறு போற வரைக்கும் ஒரு கீறல் விழாது. சோணைமுத்து ஏத்துன சாமான் ஒடஞ்சுதுன்னு இந்த நாரணாபுரத்துல ஒரு சொல்லு கிடையாது.

காலையில கேட்ட சத்தமா? எங்கனயாச்சும் கெணத்துக்கு வெடி வச்சிருப்பாக. பிள்ளைகள வெயில்ல நிறுத்தாதீக, இங்கன நெழலுக்கு வரச் சொல்லுங்க.

நானா? மொதல்ல விருதுநகர் பேட்டையில வத்தல் மூடைதான் ஏத்துனேன். தும்மித் தும்மியே பாதி ஆயுசு போச்சு. எட்டு வருசத்துக்கு முந்தி உங்க பட்டாசுக் கம்பெனி கணக்கப்பிள்ளைதான் கூப்புட்டாரு. ஏலே, ஒரு வீட்டுச் சாமான் இருக்கு, பொழுது சாயுமுன்ன கெளப்பணும், புருசன் சீசன் முடிஞ்சு பின்னால வருவான்னாரு. முருகம்மான்னு ஒரு பொண்ணு, கைப்பிள்ளக்காரி. நம்பி ஏத்துனேன். சாமான எறக்குன கையோட அடுப்பக் கூட்டி, புருசனுக்கும் சேத்து ஒல வச்சா. மறு மாசம் அந்தப் பக்கம் போனேன். அப்பவும் ஒரு பங்கு கூடத்தான் வடிச்சுக்கிட்டிருந்தா.

அன்னைக்கே இந்தச் சோலிய விட்டிருக்கணும். விடல. பேட்டைக்குத் திரும்பிப் போயித் தும்மவா? வருசத்துக்கு ரெண்டு வீடு, மூணு வீடு. கூப்புடுவாக, போவேன். ஏன்னு கேட்டா நாளைக்கு வேற வண்டி நிக்கும் வாசல்ல.

அது என்ன, தூக்குச்சட்டியா? உங்க வீட்டுக்காரரு கருப்பணன் மத்தியானம் வந்தா சாப்புடட்டும்னு பக்கத்து வீட்டுல குடுக்கப் போறீகளா?

வேண்டாம் தாயி.

கெட்டுப்போகும்னு இல்ல. அவர மருந்து கலக்குற ரூமுக்குத்தான அனுப்பிருந்தாக? ஆமா... அதான். உக்காருங்க. ஏ பிள்ள மாரித்தாயி, ஒங்கம்மாவுக்குத் தண்ணி கொண்டா.

நாளைக்கு மதுரையிலருந்து ஆபீசரு வாராரு. செத்தது ஆருன்னு கேப்பாரு. கம்பெனி ஏட்டுல கருப்பணன்னு ஒரு பேரே கிடையாது, அம்புட்டும் வாய் வார்த்தை வேலைதான். பொண்டாட்டி பிள்ளையும் ஊருல இல்லன்னா, அப்பிடி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லிருவாக. அந்தப் பேரச் சொல்ல ஒரு சனம் இங்க மிஞ்சக் கூடாதுன்னுதான் என் வண்டிய அனுப்புறாக.