சுவருக்குள் நின்ற பெண்

சுவிஸில், பேர்ண் நகரில் இருந்து ஆராவ் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும் வந்து அமர்ந்தார்கள். அமர்ந்ததுமே மனைவி கேட்டார்:

“சுவருக்குள்ள ஒரு பொம்பிளை நிக்கிறா. அவவின்ர முகத்தில எப்பிடியப்பா சீமெந்து பூசுறது?”

நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

ஆராவ் பழைய நகரத்தில், காலத்தால் மிக மூத்த ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்கள் சாப்பாட்டுக்கடை திறக்கப் போகிறார்கள். பழைய பூச்சை உரித்தபோது அடியில் ஒரு பெண்ணின் ஓவியம் தெரிந்திருக்கிறது. இவ்வளவும் அவர்கள் பேச்சிலேயே விளங்கியது.

“பழைய ஓவியமெண்டு கன்ரோன் அரசாங்கக்காரர் பாத்தால் கடை வேலையை நிப்பாட்டிப் போடுவினம்” என்றார் கணவர். “ நான் இருந்த வேலையையும் விட்டிட்டனெல்லோ?”

“ஓம். ஆனா அவ எங்களுக்கு முதலே அங்க இருக்கிறா.”

“நாங்கள் கடையைத்தான் வாடகைக்கு எடுத்தனாங்கள், அவவை இல்லை.”

கணவர் எழுந்தார், மறுபடி அமர்ந்தார். பூச்சு வேலை செய்பவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றார். அப்போது அவருடைய கைபேசி அடித்தது. எடுத்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?” என்றார் மனைவி.

“இன்னும் கொஞ்சம் உரிச்சுப் பாத்தவராம். அவவின்ர கையில ஒரு குழந்தையும் இருக்காம்.”

கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கைபேசியில் சொன்னார்:

“தம்பி, பூசாதேங்கோ. கன்ரோனுக்கு நானே சொல்லுறன்.”

கைபேசியை வைத்தவர், “பழைய முதலாளி என்னைத் திரும்ப வேலைக்கு எடுப்பாரோ தெரியேல்லை” என்றபடி, ரயில் நிற்க முன்னரே கதவடிக்குப் போய்விட்டார்.