சிவப்பு நூல் கட்டிய கரண்டி

— அந்தக் கரண்டிய எடுக்காதீங்க சின்னப்பண்ணே! அது என்னுது. காம்புல சிவப்பு நூல் கட்டியிருக்கு பாருங்க.

— அரே பாபா, பதறாதேயும் பிள்ளைவாள். கரண்டிக்குத் தாலி கட்டுன முத ஆளு இந்தத் தீவுல நீருதான்.

— கேலி பண்ணாதீங்க. பொண்ணோட அண்ணன் கடல்ல கால் நனைக்கப் போயிருக்காவ. திரும்பி வந்து என் பானைப் பக்கம் ஒரு மீன் செதிலப் பாத்தாலும் போச்சு, என் கல்யாணம் அடுத்த கப்பலேறிரும்.

— அவரு பாளையங்கோட்டையில இருந்து இவ்வளவு தூரம் செதில் தேடியா வந்திருக்காரு?

— பின்ன? தீவுக்குப் போனவன் சைவமாவே இருக்கானான்னு பாக்கத்தான். வாராவ, வாராவ. நீங்களே சாட்சி சொல்லணும்.

— வாங்க சார், உக்காருங்க. நான் மீன் புடிக்கிறவன். ஏசு பொறந்த நாள்ல பொய் சொல்லமாட்டேன். இங்க மீன் சும்மா கிடைக்கும், கத்திரிக்காய்க்குக் கப்பல் வரணும். கப்பல் வராத மாசமெல்லாம் நம்ம சொக்கலிங்கம் பூசணிக்கொடியப் புடிச்சுத்தான் உசுரோட இருந்தாரு. மீன் மட்டும் பில்குல் கிடையாது.

— ம்... இந்த அடுப்ப யார் பத்த வச்சது?

— நாந்தான் அண்ணாச்சி. காத்து வார பக்கமாப் பாத்துக் கூட்டினேன், மீன் வாடை அண்டாது. முதல்ல என் பானை இறங்கணும், அப்புறந்தான் இவுங்க சட்டி ஏறணும். மூணு கிறிஸ்மஸா இதுதான் எங்க ஒப்பந்தம்.

— தேங்கா துருவுனது?

— நாந்தான். இவுங்க அருவாமணையில நேத்து சூரை மீன வெட்டியிருப்பாங்கல்லா.

— வாழைப்பூ ஆஞ்சது?

— அதும் நாந்தான். ஒவ்வொரு பூவா நரம்பு எடுத்து, மோர்த்தண்ணியில போட்டு, கறுக்காம...

— ஜங்லிகாட்ல தங்கியிருக்க ரூம்லயும் சமையல் நீங்களேதானா?

— வேற யாரு அண்ணாச்சி? மெஸ்ஸுல சாம்பாருக்கும் மீன்கொழம்புக்கும் ஒரே கரண்டி. ஒரு நாள் பாத்தேன், மறுநாள் ஸ்டவ் வாங்கிட்டேன்.

— ருசி எப்படி இருக்கும், சின்னப்பன்?

— அத ஏன் கேக்கீங்க சார்! முத வருசம் ஒரு சின்னச் சட்டியில அவியல் கொண்டாந்தாரு, தனக்கு மட்டும். என் வீட்டுக்காரி கிளாரா ஒரு வாய் பாத்தா. பிள்ளைங்க வந்துச்சு. படகுத்துறை ஆளுங்க வந்தானுங்க. கடைசியில இவருக்கு வெறுஞ்சோறும் ஊறுகாயும். இப்ப எங்க எல்லாத்துக்கும் சேத்து இந்தா இம்மாம் பெரிய பானையில பொங்குறாரு. இவரு வராட்டி எனக்குக் கிறிஸ்மஸே இல்ல.

— பாத்திரம் தேய்க்கது?

— சாம்பல் போட்டு நானே தேய்ப்பேன் அண்ணாச்சி. அடுத்தவங்க கையில குடுக்கதே இல்ல.

— கல்யாணத்துக்கு அப்புறமும் இதே ஒழுங்குதானா? நல்லா யோசிச்சுச் சொல்லணும்.

— யோசிக்க என்ன இருக்கு? இந்தக் கடல் சாட்சியாச் சொல்லுதேன். என் அடுப்புல என் கைதான். எந்தக் காலத்துலயும் மாறமாட்டேன்.

— சின்னப்பன், கேட்டுக்கிட்டீரா?

— அச்சாக் கேட்டுக்கிட்டேன் சார். பின்னால மாத்திப் பேசுனா நான் இருக்கேன்.

— அப்ப வந்த காரியம் முடிஞ்சுது. தங்கச்சி மங்கையர்க்கரசி என்னைய நாலு நாள் கப்பல்ல வாந்தியெடுக்க வச்சு அனுப்புனது இந்த ஒத்தக் கேள்விக்குத்தான்: ‘அவருக்குச் சமைக்கத் தெரியுமா?’ அவளுக்கு வெந்நி வைக்க வராது. இங்க வந்தும் டீச்சர் வேலைதான் பாப்பா. அடுப்படிப் பக்கம் வரமாட்டா.

— அப்ப... அண்ணாச்சி... மீன் சங்கதி?

— அதுவும் ஒண்ணு இருக்கு. ஹாஸ்டல்ல படிச்ச நாள்ல இருந்து அவளுக்கு மீன் இல்லாமச் சோறு இறங்காது, எங்க அம்மைக்குத்தான் தெரியாது. கொழம்பு வைக்க சின்னப்பன்ட்ட பழகிக்கிடுங்க மாப்பிள்ளை. மீன் கரண்டிக்குத் தனியாப் பச்சை நூல் நான் வாங்கித் தாரேன்.