பேசு வாசிக்கும் பெண்

அவையின் நடுவில் அமர்ந்து, கண்ணை மூடி என் பேச்சைக் கேட்கத் தயாராகிவிட்ட தலைவர், எங்கள் தெரு நலச் சங்கத்தின் தூண், ஐயா சுயம்புலிங்கம் அவர்களே! ஞாயிறுதோறும் எங்களைப் பேசவிடாமல் பேசி, இன்று என்னிடம் அகப்பட்டுக்கொண்ட பங்குத் தந்தை அவர்களே! படிப்பும் பண்பும் பட்டுச் சேலையும் ஒன்றாய் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்றதோடு அவர்களின் பிடிவாதத்தையும் சேர்த்துப் பெற்ற தாய்மார்களே! கறுப்புச் சட்டை அணிந்து, என்னைவிட நீளமாய்க் கூந்தல் வளர்த்து, சுவரோரம் சாய்ந்து நிற்கும் ராக் இசைத் தம்பிகளே, தங்கைகளே! மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி, இந்த ஆழ்வார்பேட்டை அரங்கத்தைத் தேடிப்பிடித்து வந்து சேர்ந்த என் அருமைச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் சாந்தோம் ஆனியின் அன்பு வணக்கம்.

ஒரு கிழவியின் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே பேரப்பிள்ளைகளின் பெருமையை முதலில் பாடிவிடுகிறேன்.

என் மூத்த மகன் ஃபிரெட்ரிக்கின் பையன் கப்பலில் இன்ஜினியர். அவன் பார்க்காத கடல் இல்லை; அவனைப் பார்த்துத்தான் எனக்கு நாளாயிற்று. அவன் தங்கை கோயம்புத்தூரில் கண் டாக்டர். என் கண்புரையைப் பார்த்து, "இன்னும் பழுக்கல பாட்டி" என்று ஏதோ மாம்பழத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். என் மகள் வயிற்றுப் பேரன் ஆடிட்டர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவன். கோயில் அறிவிப்புப் பலகையில் அவன் பெயர் வந்தது. மழை வந்து அழிக்கும்வரை அந்தப் பலகையை நாங்கள் யாரும் தாண்டிப் போகவில்லை, நின்றுதான் போனோம்.

கைதட்டுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது என் இளைய மகன் லாய்டின் ஒரே பெண், ரெனிட்டா. இந்த இடத்துக்கு வரும்போதுதான் வழக்கமாக என் குரல் தாழும். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், கோயில் வாசலில், எங்கே கேட்டாலும் தாழும். ஏன் தாழ்ந்தது? எதற்குத் தாழ்ந்தது? அவள் என்ன திருடினாளா? தீங்கு செய்தாளா? இல்லையே! அவள் செய்வது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவளைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன். ஒருநாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது கேட்டாள், "அக்கா, உன் பேத்தி வேலைய உட்டுட்ச்சாமே? இப்ப இன்னா பண்ணிக்கினு கீது?" நானும் என் காதில் விழுந்ததை விழுந்தபடி சொன்னேன்: "பேசு வாசிக்குறாளாம்."

"பேசு வாசிக்குதா? டிவில நியூஸா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேசுவதை வாசிப்பது வேறு யார்? செய்தி வாசிப்பவர்கள்தானே! "ஆமாம்" என்றேன். அன்றிலிருந்து செண்பகம் சேனல் சேனலாகத் திருப்பித் திருப்பிச் செய்தி பார்த்தாள். சீரியலை விட்டாள், சமையலை விட்டாள், செய்தியை விடவில்லை. தெருவெல்லாம் பார்த்தது. கடைசியில் அவள் வந்து சண்டைக்கு நின்றாள்: "யக்கா, ஊர்ல நடக்கற கொல, கொள்ள, எலக்சன் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிட்ச்சு. உன் பேத்தி எந்த டிவில கீது, அத்த மொதல்ல சொல்லு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு விளக்கம் சொல்ல வந்தவன், இதோ மேடையில் மத்தளம் போல ஏழெட்டைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ் தம்பி ரெஹான். "பாட்டி, பேசு இல்ல பாட்டி, பேஸ். கிட்டார் மாதிரிதான் இருக்கும், ஆனா கம்பி குண்டு. அடியில போய்க்கினு இருக்கற சத்தம். சாம்பார்ல பருப்பு மாதிரி. எல்லாரும் முருங்கைக்காயத்தான் தேடுவாங்க. பருப்பு இல்லாங்காட்டி அது வெறும் புளித்தண்ணி." எத்தனை பெரிய பேச்சு! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனால் ரெனிட்டா என் தவற்றைத் திருத்தவில்லை. "நீ சொன்னதே நல்லா இருக்கு பாட்டி" என்றாள். அடுத்தவர் பாட்டுக்கு அடியில் அடியில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆறு, இன்று தன் பெயரில் தலை நிமிர்ந்து தரைக்கு வந்திருக்கிறது. அவளுடைய முதல் தனி ஆல்பம், அதற்குத்தான் இந்த விழா! அதன் பெயர் என்ன? "பேசு"! ஆம், பெரியோர்களே, பேர் வைத்தவள் நான்தான்.

பேசு என்று பெயர் வைத்தோம். பேசினோமா?

இதைத்தான் சொல்ல வந்தேன். ஜொவிட்டா, ரெனிட்டாவைப் பெற்ற மருமகளே, முன்வரிசையிலிருந்து கையைக் காட்டாதே. நேரம் ஆனால் ஆகட்டும்.

என் மகன் லாய்ட் கணக்கு வாத்தியார். கூட்டினால் கூடுவதும் கழித்தால் குறைவதுமே அவன் கண்ட உலகம். மகள் இன்ஜினியரிங் முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனபோது தெருவுக்கே கேக் கொடுத்தான். அந்த வேலையை அவள் விட்டாள். அன்று அவன் கத்தவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னான்: "பாட்டு பாடறேன்னு சொல்லு, புரியும். கிட்டார்னு சொல்லு, புரியும். கேக்கவே கேக்காத ஒரு வாத்தியத்துக்கா வேலைய விட்ட?"

அவள் அவனுக்குப் பிறந்தவள் அல்லவா? அவளும் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "உனக்குக் கேக்காது டாடி."

அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை, தட்டை வீசவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. ஒரே மேசை, ஒரே குழம்பு, எதிரெதிர் நாற்காலி. "அம்மா, அவளுக்கு மீன் வேணுமான்னு கேளு" என்பான். "பாட்டி, வேணாம்னு சொல்லு" என்பாள். கையெட்டும் தூரத்துக்கு நான் தபால்காரி! தபால் கொண்டுபோய்க் கொண்டுபோய் என் வாய் வலித்தது. வாய் வலித்ததைவிட நெஞ்சு வலித்தது.

பிறகு அவள் கொட்டிவாக்கத்தில் கடற்கரையோரமாய் ஒரு வீட்டுக்கு, இசைக்குழுத் தோழிகளோடு குடிபோனாள். தூரமா? தூரமில்லை. பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளையை விட்டவள் மணிக்கணக்கை மாற்றிப் போட்டாவது பேசிவிடுகிறாள். அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பேத்தியை விட்டவள் நான், அவள் கொலுசுச் சத்தத்துக்கு ஏங்கினேன். பக்கத்தில் இருப்பவர்களுக்காக ஏங்குவதுதான் ஏக்கத்திலேயே கொடிய ஏக்கம். தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும்.

இப்போது ஒன்று சொல்கிறேன். ரெனிட்டா, இது உனக்கும் தெரியாது. மேடையில் இருக்கிறாயே, நல்லதாயிற்று, எழுந்து ஓட முடியாது.

நீ வீட்டில் இருந்த காலத்தில், மாலையில் உன் அறைக்குள் வாசிப்பாய். கூடத்துக்கும் உன் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். வெளியே எங்களுக்கு ராகமும் கேட்காது, தாளமும் கேட்காது. ஆனால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று சிணுங்கும். "அம்மா, டம்ளரத் தள்ளி வையேன்" என்று உன் அப்பன் அலுத்துக்கொள்வான். தள்ளி வைக்கப் போவேன். ஒருநாள் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன். டிவி ஓடுகிறது, சத்தமில்லை, அவனே நிறுத்தியிருக்கிறான். நாற்காலியை விட்டு எழுந்து போய், உள்ளங்கையை விரித்து, அந்தச் சுவரின்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டான். "இன்னாடா பண்ற?" என்றேன்.

"ஓதம் ஏறுதான்னு பாக்கறேம்மா. கடல்காத்து பாரு, சுவரெல்லாம் ஈரமாவுது."

மறுநாளும் ஓதம் பார்த்தான். அதற்கு மறுநாளும் பார்த்தான். நீ கொட்டிவாக்கம் போனாய். சுவருக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. டம்ளர்கள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் என் மகன், மாலையானால் அந்தச் சுவரில் கை வைத்து ஓதம் பார்த்தான்!

அவையோரே, அந்தச் சுவரில் ஓதமில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். சருகாய் உலர்ந்த சுவர். ஈரம் இருந்தது வேறு இடத்தில்.

கேட்காத வாத்தியமாம்! யாருக்குக் கேட்கவில்லை? சுவருக்குக் கேட்டது! டம்ளருக்குக் கேட்டது! கேட்காது, கேட்காது என்று சாதித்தவனின் காதுக்குக் கேட்காவிட்டால் என்ன, கைக்குக் கேட்டது!

ஆல்பம் வந்தது. ரெனிட்டா என் போனுக்கு அனுப்பினாள். போட்டுக் கேட்டேன். டிரம்ஸ் கேட்டது, வேறு என்னவெல்லாமோ கேட்டது. "உன் சத்தம் எங்கடி?" என்று கேட்டேன். "போன்ல அது வராது பாட்டி. போன் சின்னது" என்றாள். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் போனைக் காணோம், லாய்டையும் காணோம்.

எங்கே போனான்? சொல்வதற்கு ஆள் இங்கேயே இருக்கிறது. இந்த அரங்கத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கும் மந்தைவெளி மைக்செட் நாகராஜ். நாகராஜ், குனிந்துகொள்ளாதே. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதை இங்கே சொல். வெட்கமா? சரி, நான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஆளுயரப் பெட்டி இருக்கிறதே, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முழு ஆல்பத்தையும் கேட்டிருக்கிறான் என் மகன். நாகராஜ் கேட்டிருக்கிறான், "இன்னா சார், டெஸ்ட்டிங்கா?" முடிந்ததும் இவன், "இன்னொரு வாட்டி போடு" என்றானாம்.

இன்னொரு வாட்டி! என் வயிற்றில் பால் வார்த்த வார்த்தை அது. ஆனால் யாரிடம் சொன்னான்? மைக்செட்காரனிடம் சொன்னான். மகளிடம் சொல்ல வேண்டிய சொல்லை மந்தைவெளியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கோதுமை தோசை சாப்பிட்டான்.

இன்று சாயங்காலம், "நிகழ்ச்சிக்கு வர்றியாடா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு? உன்னக் கொண்டாந்து விடறேன், முடிஞ்சதும் வந்து கூட்டிக்கறேன்" என்றான். கொண்டுவந்து விட்டான். திரும்பிப் போகவில்லை. இதோ, இந்த வாசலுக்கு வெளியே, இளநீர்க்காரர் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல், இப்போதே கிளம்பிவிடப் போகிறவன்போல நின்றுகொண்டே இருக்கிறான். நாகராஜ் தெரிந்தேதான் ஒரு பெட்டியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறான். ஆகவே நான் பேசுவது அத்தனையும் அவனுக்குக் கேட்கிறது.

கேட்கிறதாடா, லாய்ட்?

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. மாலை போடச் சொல்லவில்லை. மேடையேறி உரையாற்றச் சொல்லவில்லை. அதற்கு நான் இருக்கிறேன். உன் மகள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசிக்கப் போகிறாள். இடையில் சுவரில்லாமல் ஒருமுறை அவளைக் கேட்டுவிட்டுப் போ. உனக்கும் எனக்கும் இனி எத்தனை காலம்? வெறும் சுவரைத் தொட்டு நீ ஏங்கியது போதும். போனை வெறித்து அவள் ஏங்கியது போதும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் ஏங்கியது போதும், போதும்! உள்ளே வா ராசா.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். அவன் கூச்சக்காரன்.

திரும்பித்தான் பார்ப்பீர்களா! சரி, நீங்களே சொல்லுங்கள், என் கண்புரைக்குத் தெரியவில்லை. வந்துவிட்டானா? வாசலிலா? படி ஏறிவிட்டானா? ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள் யாராவது, போலீஸ் வந்ததுபோல இருக்கிறது!

ரெனிட்டா, நீ எங்கே இறங்குகிறாய்? அந்த வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் போடி, ஒயர் தடுக்கும். ரெஹான், பிடி அதை. தலைவர் அவர்களே, காலை மடக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வழி விடுங்கள். பின்வரிசைத் தம்பிகளே, ஒதுங்குங்கள். ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்காதீர்கள். ஒரே ஒருவர் எடுத்தால் போதும்.

ஏன் தெரியுமா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் அவள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் எடுத்தது. வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியுமாய் அவள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு இவன். மழையில்லை. மெழுகுவர்த்தியைக் கடல்காற்று அணைத்துவிடக் கூடாதே என்று பிடித்த குடை. அவள் பிறந்தநாள் வந்தாலும் அதே படம், இவன் பிறந்தநாள் வந்தாலும் அதே படம். பார்த்துப் பார்த்து என் கண்ணில் அந்தப் பிள்ளை வளராமலே நிற்கிறாள்.

ஆகவே இந்தக் கிழவி வேண்டுவது ஒன்றுதான். நான் செண்பகத்தோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடுகிறேன். என்னைக் கூட்டிப்போகிறேன் என்று இவன் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டாம். கேட்டு முடித்துவிட்டு, பேச முடிந்தால் பேசுங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் நில்லுங்கள். நின்று, ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். முடி கலைந்திருந்தால் பரவாயில்லை. முகம் அழுதிருந்தால் அதுவும் பரவாயில்லை.

வந்திருந்து கேட்டவர்களுக்கும், வாசலில் நின்று கேட்டவனுக்கும், சிரித்தவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றியும் வணக்கமும். போன் என் கையிலேயே இருக்கும். படத்தைப் போடுங்கள் பிள்ளைகளே.