மணி அடிக்கும்வரை

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது ஐம்பத்திரண்டு. பதினேழு ஆண்டுகளாகத் தம்பதியருக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்தப் பெண் கண் திறந்துவிட்டார், ஆனால் பேசவில்லை என்று இன்று காலை பத்து நாற்பதுக்கு மருத்துவமனைப் பணி மருத்துவர் தொலைபேசியில் சொன்னதாகக் காவல் ஆய்வாளர் எனக்குத் தெரிவித்தார். அதன் பிறகு நானாக முன்வந்து இதைச் சொல்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன், தங்கையை அவள் கணவர் அடிப்பதாக அந்தப் பெண்ணின் அக்கா இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். எட்டு அமர்வு முடிந்து என் அறிக்கை வந்தபின் வழக்குப் பதிவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இருவரையும் என்னிடம் அனுப்பினார்கள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முதல் நாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்களை அடித்ததுண்டா" என்ற படிவக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் கணவரின் வலது காலைப் பார்த்தார். கணவர் சிரித்தபடி, "கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் மேடம். வீட்லதான் இல்ல" என்றார். நான் 'இருவருக்கிடையே வாக்குவாதம்' என்று எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டாம் அமர்வில், சமையலறையில் வைக்கும் திருகு டைமர் ஒன்றைக் கொடுத்தேன். கோபம் வந்தவர் அதை இருபது நிமிடத்துக்குத் திருக வேண்டும். மணி அடிக்கும்வரை இருவரும் பேசக் கூடாது, இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. என்னிடம் வரும் எல்லோருக்கும் இதே விதிதான். அடுத்த முறை வந்த கணவர், "இப்ப வீட்லயும் பிரேக் வந்துடுச்சு மேடம்" என்று எனக்கு நன்றி சொன்னார்.

ஐந்தாம் அமர்வுக்கு அந்தப் பெண் அரைமணி முன்னதாகத் தனியே வந்தார்.

"மேடம், அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடட்டுமா?"

"அவரும் வரட்டும்மா. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர்கிட்ட நான் பேசுறதில்ல."

"சரி மேடம்" என்று சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு மேஜையில் இருந்த என் கண்ணாடியை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்ளோ கீறல் இருக்கே, உங்களுக்குத் தெரியலையா?" என்றார்.

ஆறாம் அமர்வில், ஒரு பயிற்சிக்காக என் டைமரை ஐந்து நிமிடத்துக்குத் திருகினேன். "போன வாரம் ஜன்னலைத்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண் அங்கேயே நிறுத்தினார். எழுந்து சுவரருகே போய், சுவரைப் பார்த்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மணி அடித்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து, "தொறந்து வெச்சிருந்தேன்" என்று முடித்தார். கணவர், "பார்த்தீங்களா! என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க யாருமே இவ்ளோ சீக்கிரம் கத்துக்கிட்டதில்ல" என்றார். நான் 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன்.

ஏழாம் அமர்வுக்குப் பின் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். "அந்தச் சனியனைத் திருகி விட்டுட்டுத்தான் மேடம் அவன் அடிக்கிறான். மணி அடிக்கிற வரைக்கும் அவ கத்தவும் மாட்டா" என்றார். மூன்றாம் நபர் சொல்வதைக் கேட்பது விதியில் இல்லை என்றேன். "உங்க விதியைத் தூக்கி உடைப்புல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மாலை நான்கு மணிக்கு எட்டாம் அமர்வு. இருவரும் வரவில்லை. நான்கு இருபதுக்கு அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தார்கள், பேசவில்லை. டைமர் ஓடும் சத்தமும், தொலைபேசிக்கு மிக அருகில் ஒரு மூச்சும் கேட்டன. மணி அடிக்கும்வரை பேசக் கூடாது என்பதால் நானும் பேசவில்லை. நான்கு முப்பத்தொன்றுக்கு மணி அடித்தது. நான் வாயெடுப்பதற்குள் டைமரை மறுபடி திருகும் சத்தம் கேட்டது. திருகும் சத்தம் தள்ளிக் கேட்டது, மூச்சு அதே இடத்தில், அருகில். ஆகவே அங்கே இருவர் இருந்தார்கள். அதன் பிறகும் ஆறு நிமிடம் நான் பேசாமல் காத்திருந்தேன். பிறகு இணைப்பு அறுந்தது.

உடனே அக்காவை அழைத்தேன். ஐந்து ஐந்துக்கு அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே தாழிட்டிருந்த கதவைத் திறந்தார்கள். அந்தப் பெண் தலையில் அடிபட்டு, சமையலறையில் சுவரைப் பார்த்தபடி கிடந்ததாக அக்கா சொன்னார்.

நான்கிலிருந்து ஐந்து வரை ஒரு மாணவருடன் சாலையில் இருந்ததாகக் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த மாணவரை வியாழக்கிழமை அழைத்து வருவதாக ஓட்டுநர் பள்ளி தெரிவித்துள்ளது. கணவர் இப்போது வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் வாக்குமூலம் பெற மாஜிஸ்திரேட் நாளை பகல் பதினொன்றுக்கு வருவார் என்று தெரிகிறது. கட்டிலருகே உள்ள கருவி ஒலிக்கும்போதெல்லாம் அவர் பேச வாய் திறந்து, உடனே மூடிக்கொள்வதாக நர்ஸ் சொல்கிறார். அதற்குள் அந்தக் கருவியின் ஒலியை நிறுத்த வேண்டும், கணவரை அந்தத் தளத்திலிருந்தே அகற்ற வேண்டும், அந்தப் பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று கோருகிறேன். ஆய்வாளர் குறித்துக்கொண்டார், பதில் இன்னும் வரவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. 'நல்ல ஒத்துழைப்பு' என்ற இரு சொற்களையும் அடிக்காமல் விடச் சொன்னது நான்தான்.

(கையொப்பம்)