ஆரஞ்சைக் காணோம்

இல்லைங்க மேடம், கூடையெல்லாம் மாறல. எங்க லேப்ல இந்த வருஷம் குளோனிங்ல பொறந்த ஒரே குட்டி இதுதான், வேற எதோட மாறப்போகுது? செத்துப்போன உங்க பூனையோட தோல்ல ஒரு துளி எடுத்து நாங்க உருவாக்கினதேதான் இது.

தெரியுதுங்க. போட்டோல ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளைன்னு மூணும் இருக்கு. இதுல ஆரஞ்சையே காணோம். ஆனா டிஎன்ஏ அச்சு அசல் அதேதான். ஆரஞ்சு ஜீனும் உள்ளதான் இருக்கு. பின்ன எங்க போச்சுன்னா... ஒக்காருங்க, சொல்றேன்.

ஒரு ஜீன் வேலை செய்யணும்னா மொதல்ல அதை நகல் எடுக்கணும். நகல் எடுக்கற புரதம் வர்றப்போ, ஜீன் ஆரம்பிக்கிற எடத்துல சின்னச் சின்னதா மெத்தில்னு ஒரு ரசாயனத் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு வைங்க, வந்தது அப்படியே திரும்பிப் போயிடும். எழுத்து அழியாது மேடம். மூடி போட்டிருக்கு, அவ்வளவுதான்.

பொட்டைப் பூனைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. உங்களுதுக்கு ஒண்ணுல ஆரஞ்சு, இன்னொண்ணுல கறுப்பு. ஒவ்வொரு செல்லும் ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைப் பூட்டிடும். அது மறுபடி தொறந்துக்காம காவல் இருக்கறதுல இந்த மெத்திலுக்குப் பெரிய பங்கு. அதனாலதான் திட்டுத்திட்டா கலர். நாங்க எடுத்தது ஆரஞ்சைப் பூட்டின செல். குட்டியாகறப்போ அந்தப் பூட்டு கழண்டுடும்னு நெனச்சோம். எங்க கழண்டுச்சு!

கொணமா? உங்களுது மடியை விட்டு எறங்காதுன்னீங்களே, இது திரைச்சீலையை விட்டு எறங்காது. செருப்பு ஒண்ணு மிஞ்சாது. விடிஞ்சும் விடியாம மூஞ்சி மேல ஏறி மூக்கைக் கடிச்சுத்தான் எழுப்பும்.

எனக்கு எப்படித் தெரியும்னா... அது வந்து, புட்டிப்பால் குடுக்க லேப்ல ஆள் இல்லைங்க. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஐயோ, தூக்காதீங்க, பிராண்டும். தூக்கிட்டீங்களா? பிராண்டலையா? என்னை மட்டும் பிராண்டுதே, சனியன்.

பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்கறோம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு மேடம். சங்கடமே படாதீங்க.

வெச்சுக்கறீங்களா?

மேடம், கொஞ்சம் ஜன்னல் வழியா கீழ பாருங்களேன். பைக் பக்கத்துல ஒருத்தர் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கறாரே, எங்க வீட்டுக்காரர். பூனைன்னாலே ஆகாது அவருக்கு. சோபால ஒரு முடி பாத்தா ஊரைக் கூட்டுவாரு. அந்த மனுஷன்தான் கூடையை மடியை விட்டு எறக்காம வந்தாரு, வண்டியை நான் ஓட்டினேன். அவருக்குள்ளயும் இப்படி ஒண்ணு இருந்திருக்கு பாருங்க, கல்யாணம் ஆகி இத்தனை வருஷமா மூடி போட்டு வெச்சிருக்காரு.

காலிக் கூடையோட வந்தா வண்டியில ஏறமாட்டேன்னுட்டாரு.

நீங்களே சொல்லுங்க மேடம், ஆரஞ்சே இல்லாத பூனை உங்களுக்கு எதுக்கு?