சுடாத கால்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் வலது பாதத்தில் பெரிய கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள் போல.

"கால் சுடலைங்கறதுதான் நோயாமா," என்றார் அவர்.

"டாக்டரு அப்படியாங்க சொன்னாரு?"

"சக்கரையில கால் முன்னமே மரத்துப்போச்சாமா. தீமிதியில எறங்குன அன்னைக்கே பாதம் வெந்திருக்குது. எனக்குத்தான் தெரியல."

"சுடவேயில்லைன்னு சொன்னீங்கன்னு ஊரே உங்க கால்ல உழுந்துச்சுங்களே. ஆத்தா தாங்கிப் புடிச்சான்னு."

"உழுந்தாங்க. ஒருத்தனாவது அந்தப் பாதத்தத் திருப்பிப் பாத்தானா?"

அந்த அம்மா கேட்டார்: "ஆஸ்பத்திரியில இருக்கற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள படுத்தா ஆறீருங்களா?"

"ஆக்சிஜன அழுத்தி உடுவாங்களாம். ரத்தத்துல கலந்து புண்ணு வரைக்கும் போகுமாமா. அதுக்கும் ஆறலைன்னா பாதத்த எடுத்தர்றதாம். பருத்தித் துணிதான் உடுத்தோணும், தலைக்கு எண்ணெ வெக்கக் கூடாது. உள்ள ஒரு பொறி பட்டாப் போதுமாமா, பத்திக்கும். தீ மிதிச்சவன் இப்பத் தீப்பெட்டிக்குப் பயந்துக்கிட்டுப் படுக்கோணும்."

பஸ் புதுச்சத்திரத்தில் நின்றது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் அந்த அம்மா. "உங்க கால் ஆறிருச்சுன்னா வார வருசம் நானு தீயில எறங்கறேன்னு ஆத்தாளுக்கு வேண்டியிருக்கறேனுங்க."

அவர் கட்டுப் போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குச் சுடும், புள்ள."