ஏழாம் வாரத்துக்கு ஒரு கதை

வகுப்புக்கு டோனட் வாங்குறது எப்பவும் நான்தான். இருபது பேருக்கு ரெண்டு டஜன். இதையும் உங்க விசாரணைக் குறிப்புல எழுதிக்கோங்க மிஸ்டர் ஆட்கின்ஸ், என்னை யாரும் கஞ்சப்பிசினாரின்னு சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவங்களுக்கும் முடிச்சவங்களுக்கும், இளைய மாணவர்களை ஆராய்ச்சியில எப்படி வழிநடத்துறதுன்னு பதினோரு வருஷமா சொல்லித் தர்றேன். வாரம் ஒரு கதை வாசிச்சு, வழிகாட்டி எங்கே சறுக்கினார்னு பேசுவோம். எல்லாம் பழைய கதை. போன கோடையில ரெண்டாவது வரி தாண்டலை, ஒருத்தன், "ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கணும், அவ்வளவுதானே? அந்த டோனட்டை இப்படித் தள்ளுங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு.

அந்த வகுப்புல ட்வைட் இருந்தான். மீன் ஆராய்ச்சி, தங்கமான பையன். அவன்கிட்ட பத்து வாரம் வேலை கத்துக்க வந்தவ சோல்வெய்க், பால்பண்ணைக்காரர் மகள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே பிடி, அவனோட தொட்டியில மீன்குஞ்சு வளர்க்கிற அந்த ஆராய்ச்சி வேலைதான்.

நான் பெருசா ஒண்ணும் செய்யலை. ட்வைட்கிட்ட, "அவ ரோஷக்காரிப்பா. அவ வேலையை எட்டிப் பார்த்தா, தன்னை நம்பலைன்னு நினைச்சுக்குவா"ன்னேன். அவகிட்ட, "அவனுக்குக் கேள்வி கேட்டாப் பிடிக்காதும்மா. முடிச்சுட்டுப் போய்க் காட்டு"ன்னேன்.

வேற ஊரா இருந்தா மறுநாளே குட்டு உடைஞ்சிருக்கும். இது விஸ்கான்சின். இங்கே காலை மிதிச்சா, மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். ரெண்டு பேரும் மூணடி தள்ளி உக்காந்துக்கிட்டு, "மழை வரும்போல", "ஆமாமா, வரும்போல"ன்னே ஆறு வாரத்தை ஓட்டினாங்க. தொட்டித் தண்ணியில சூடு நாலு டிகிரி கூட இருந்ததை நான் மூணாவது வாரமே பார்த்துட்டேன். சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

ஏழாவது வாரம் குஞ்செல்லாம் செத்து மிதந்துச்சு. ட்வைட் வகுப்புல அதைச் சொல்லி அழுதான். ஒருத்தரும் டோனட்டைத் தொடலை. நான் நடத்தினதிலேயே நல்ல வகுப்பு அதுதான்.

சோல்வெய்க் விண்ணப்பமே போடாம பண்ணைக்குப் போயிட்டா. கிளம்புறப்போ என்னைக் கட்டிப்பிடிச்சு, "நீங்க ஒருத்தர்தான் மேடம், என்கிட்ட மனசுவிட்டுப் பேசினது"ன்னா. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

ஆமா, தெரிஞ்சேதான் செஞ்சேன். எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். இந்த வாக்குமூலத்துல எனக்கு ஒரு பிரதி மட்டும் கொடுங்க. அடுத்த பருவத்துல பயிற்சி தர்றவங்களோட நேர்மை பத்தி ஒரு வகுப்பு இருக்கு, அதுக்குத்தான் இன்னும் கதை கிடைக்கலை. பேரையெல்லாம் மாத்திடுவேன், பயப்படாதீங்க.